முப்பத்தைந்துக்குத் தவிக்கும் பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ், முன்னால் ஓடிவிட்ட பிள்ளைக்கு?

வலைக்கடை மாமா (பாம்பன்), ஞாயிறு இரவு 9.12

கச்சான் காற்று தூக்கி அடிக்கிறது. மூன்று நாளாகத் தென்கடலில் வள்ளம் எதுவும் இறங்கவில்லை, கடையில் ஈ ஓட்டுகிறேன். மனதில் கிடப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் தங்கை மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிதான். போன மாதம் ஒருநாள் மச்சான் வீட்டுத் திண்ணையில் வள்ளத்துப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். மீன் போட்டது 14,200 ரூபாய். எண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று செலவு 3,150. மிச்சம் 11,050. ஆள் நான்கு பேருக்கு நான்கு பங்கு, வள்ளத்துக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டரை, ஆக ஆறரைப் பங்கு. நான் போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தவள் நிமிராமல் "ஆயிரத்து எழுநூறு" என்றாள். எப்படி என்றேன். "அரைப் பங்காக எண்ணினால் பதின்மூன்று மாமா. ஒரு அரைப் பங்கு எண்ணூற்று ஐம்பது. அதை இரட்டித்தேன்."

அந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கே அதுவரை தோன்றியதில்லை, இருபது வருடமாகப் பங்கு பிரிக்கிறேன்.

பள்ளிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். நல்ல மனுஷி. "அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தபிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. அவளிடம் கேட்டேன், வகுப்பில் என்ன செய்வாய் என்று. கொடுத்த கணக்கைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை அட்டை பிடிப்பாளாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை. போர்டில் தேதி எழுதுவது, வருகை எண்ணிக்கை எழுதுவது, ஹெச்.எம். அறையிலிருந்து சாக்பீஸ் எடுத்துவருவது எல்லாம் அவள்தான். "ஜாலியாக இருக்கும் மாமா" என்கிறாள். ஐந்து வருடம் ஜாலியாக இருந்தால் என்ன ஆகும்?

நடுவில் நிற்கும் பிள்ளையை வைத்தே பள்ளிக்கூடம் ஓடுகிறதா? முன்னால் போய்விட்டதை யாரும் பார்ப்பதில்லையா? டீச்சர்மார் யாராவது சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை.

உச்சிப்புளி டீச்சர், ஞாயிறு இரவு 10.40

வலைக்கடை அண்ணே, அந்த டீச்சர் நான் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். பலமுறை.

என் நிலைமையைக் கேளுங்கள். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும். கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளி பூட்டிக்கிடந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதத் தடுமாறிய நேரம் அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேண்டாத திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைகள் அதனால் என் வகுப்பில் வாசித்தார்கள், கண்ணால் பார்த்தேன்.

ஆனால் பார்வையிட வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அரும்பில் எத்தனை பேர், ஏன் இன்னும் மொட்டுக்கு வரவில்லை? மலருக்கு அப்பால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. மலருக்கு மேலே பெயரே இல்லையே! காய், கனி என்று இரண்டு நிலை வைத்திருக்கலாம் என்று நாங்கள் ஆசிரியர்கள் விளையாட்டாகப் பேசிக்கொள்வோம்.

மலரில் இருக்கும் பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து அரும்பு வரிசையில் உட்கார வைப்பேன். சக மாணவர் கற்பித்தல் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. உண்மையைச் சொன்னால், எனக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை சம்பளம் வாங்காத பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) டீச்சர். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாலுவரி நாகன், ஞாயிறு இரவு 11.05

கலாம் எந்தச் சிறப்புப் பள்ளியில் படித்தார்? ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில்தானே? கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போட்டாலும் முளைக்கும். இதற்கெல்லாம் ஒரு இழையா?

கீழக்கரை சபுராளி (ஷார்ஜா), திங்கள் காலை 6.20

கலாம் பெயர் வர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. நம் மாவட்டத்தில் இது தாமதம்தான்.

தம்பி, அவர் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்கு நடத்திப் போய்ப் பறவைகளையே காட்டினார். தன் வாழ்க்கையின் திசையை முடிவு செய்த நாள் அது என்று கலாம் மேடைக்கு மேடை சொன்னார். அப்புறம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர். ஆக, முளைத்தது தானாக இல்லை. பாடத்தை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போக ஒருவருக்கு நேரமும் மனசும் இருந்தது. இன்றைக்கு அப்படிக் கூட்டிப் போனால் அதற்கு முன் எத்தனை அனுமதி வாங்க வேண்டும் என்று உச்சிப்புளி டீச்சரைக் கேளுங்கள்.

தானாக முளைக்கும் என்பவர்களுக்குக் கும்பகோணம் இருக்கிறது. ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அங்கே அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் இல்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உதவித்தொகையும் போனது. அப்புறம் சென்னையில் படித்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வு தேறவில்லை. உலகமே கொண்டாடும் கணித மேதை நம் கல்லூரிப் பதிவேட்டில் ஃபெயிலான மாணவர். கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதம் சரியான ஆளின் கையில் கிடைத்திருக்காவிட்டால் துறைமுகக் கணக்கராகவே போயிருப்பார். அப்படி எத்தனை பேர் போனார்களோ, அந்தப் பட்டியல் யாரிடமும் இருக்காது.

பத்தாம் வகுப்புக் கணக்கு, திங்கள் இரவு 8.15

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார், இதில் பதினான்கு வருடம் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள கடலோரப் பள்ளிகளில். இழையின் தலைப்பு சரி. ஆனால் 'நடுவில் நிற்கும் பிள்ளை' என்று வலைக்கடை மாமா எழுதியதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு.

நடுவில் நிற்கும் பிள்ளையையும் நாங்கள் பார்ப்பதில்லை. கோட்டைத்தான் பார்க்கிறோம். 35 என்ற கோடு. அறுபது வாங்கும் பிள்ளை எழுபது வாங்கினால் எந்த ஃபைலிலும் ஒரு எழுத்து மாறாது. 31 வாங்கும் பிள்ளை 35 வாங்கினால் பள்ளியின் விழுக்காடு ஏறும், மாவட்டத்தின் இடம் ஏறும். 2024இல் பத்தாம் வகுப்பில் ராமநாதபுரம் 96.36 விழுக்காட்டோடு மாநிலத்தில் மூன்றாவது. பின்தங்கிய மாவட்டம் என்று 2018இல் நிதி ஆயோக் பட்டியலில் விருதுநகரோடு நம் மாவட்டத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்துகொண்டு இந்த இடத்துக்கு வந்ததில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. அதற்கு உழைத்தவர்களில் நானும் ஒருவன்.

எப்படி உழைத்தோம் என்பதையும் சொல்கிறேன். காலாண்டு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் எடுப்போம். அதிலும் உள்ளுக்குள் ஒரு பட்டியல் உண்டு. 22 முதல் 34 வரை வாங்கியவர்கள், தள்ளினால் கரை ஏறிவிடுவார்கள். அவர்களுக்குக் காலை எட்டரைக்கு ஒரு கிளாஸ், மாலை ஒரு கிளாஸ். வரைபடம் ஒன்று, வடிவியல் வரைதல் ஒன்று, ஒரு மதிப்பெண் வினா, இதை மட்டும் பிடி என்று மினிமம் மெட்டீரியல். ஐந்து மதிப்பெண்ணில் கிடப்பவனைக் கடைசி மாதத்தில் ஆண்டவன் கையில் விட்டுவிடுவோம். தொண்ணூறு வாங்குகிறவனையும் அதே ஆண்டவன் கையில்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2002இல் எல்லாப் பிள்ளையும் தேற வேண்டும் என்று சட்டம் போட்டுப் பள்ளிகளைத் தேர்ச்சியை வைத்து அளக்க ஆரம்பித்தார்கள். சிகாகோ பள்ளிகளின் மதிப்பெண்களை இரண்டு பொருளாதார அறிஞர்கள் எடுத்துப் பார்த்தார்கள், 2010இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். அடியில் கிடந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, உச்சியில் இருந்தவர்களுக்கும் உருப்படியாக இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் வாத்தியார் வாத்தியார்தான்.

'சென்டம் வாங்க வைக்கிறீர்களே' என்று யாராவது கேட்பீர்கள். சென்டம் பயிற்சியில் புதிதாக ஒன்றையும் கற்றுத் தருவதில்லை. தொண்ணூற்றைந்து வாங்குகிறவனை அதே புத்தகத்தை ஏழுமுறை எழுத வைத்து, மார்ஜின் கோடு போடச் சொல்லி, அலகு எழுத மறக்காதே என்று மிரட்டி, வழுக்காமல் நடக்கப் பழக்குவதுதான் சென்டம். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். ஆனால் வேகமாக ஓடும் பிள்ளைக்கு ஓட வேறு மைதானம் திறந்தார்களா என்றால், பள்ளிக்குள் இல்லை.

வலைக்கடை மாமா, உங்கள் மருமகளிடம் ஒரு வேலை கொடுங்கள். 1க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு ஏழால் வகுக்கச் சொல்லுங்கள். வரும் மீதிக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு பூஜ்யம், மறுபடி ஏழால். நிறுத்தச் சொல்லாதீர்கள். வேறு எதுவும் சொல்லவும் வேண்டாம்.

ஏர்வாடி வாப்பா, திங்கள் இரவு 9.50

எல்லாரும் பேசுவதைப் படித்தேன். ஒரு வாப்பாவாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பு. போன வருடம்வரை ராமநாதபுரம் பஸ்ஸின் போர்டை அவனால் வாசிக்க முடியாது. வண்டி நிறத்தை வைத்தும் கண்டக்டர் குரலை வைத்தும் ஏறுவான். எட்டு வரை எல்லாரும் பாஸ் என்பதால் வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. இப்போது 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 'திறன்' என்று 2025இல் ஒரு திட்டம் வந்திருக்கிறது, தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். முந்தாநாள் சாயல்குடி பஸ்ஸின் பெயரைச் சத்தமாக வாசித்தான். என் உம்மா அழுதுவிட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சலிப்பாக இருக்கிறது. என் பிள்ளைக்கு இருட்டாக இருந்தது. ஒரே ஒரு டீச்சர்தான் இருக்கிறார் என்றால் அவர் முதலில் எங்கே போக வேண்டும்?

உச்சிப்புளி டீச்சர், திங்கள் இரவு 10.15

வாப்பா, உங்கள் மகனிடம்தான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. சாயல்குடி பஸ் செய்தியைப் படித்ததும் எனக்கு இன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கீழக்கரை சபுராளி, செவ்வாய் காலை 6.05

வாப்பா சொன்னதற்கு எதிர்ப்பேச்சு என்னிடமும் இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து பிடுங்கித்தான் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமா என்பதில் சந்தேகம் உண்டு.

மேற்கு கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியரைக் கொடுத்து, முதல் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பள்ளிகளில் முன்னால் இருப்பவர் ஒரு வகுப்பு, பின்னால் இருப்பவர் ஒரு வகுப்பு. மீதிப் பள்ளிகளில் சீட்டுக் குலுக்கல் மாதிரி கலந்து. பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தால் அவர்கள் கெட்டுப்போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிலை பார்த்துப் பிரித்த பள்ளிகளில் இரண்டு பக்கமும் முன்னேறியது. டீச்சர் தன் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு ஏற்றபடி பேச முடிந்தது, அதுதான் காரணமாகச் சொல்கிறார்கள். 2011இல் வந்த ஆய்வு. அதைச் செய்தவர்களில் இரண்டு பேருக்கு, டூஃப்லோவுக்கும் கிரேமருக்கும், 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆனால் கவனியுங்கள், அங்கே கூடுதல் டீச்சரைக் கொடுத்துவிட்டுத்தான் பிரித்தார்கள். உச்சிப்புளியில் இருக்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எதைப் பிரிப்பது?

நாலுவரி நாகன், செவ்வாய் காலை 7.30

ஆக கடைசியில் ஆள் பற்றாக்குறை. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

தொண்டிப் பையன், செவ்வாய் மதியம் 1.40

நாகன் அண்ணே, ஆள் மட்டும் இல்லை. நான் அந்த அட்டை பிடித்த பிள்ளைதான், பத்து வருடம் கழித்து எழுதுகிறேன்.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை நான்தான் லீடர். பேசுகிறவர் பெயரை போர்டில் எழுதியிருக்கிறேன், நோட்டு திருத்தியிருக்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் சாருக்குக் கம்ப்யூட்டரில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்) பதிவுகூடப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் நல்லவர்கள், என்னை அவ்வளவு பிடிக்கும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினேன், மாதம் ஆயிரம் ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தது. அப்பாவுக்கு வலை வாங்க அதில் கொஞ்சம் போனது, அது வேறு கதை. அப்புறம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பொறியியல் இடம். இதுவரைக்கும் கதை நன்றாக இருக்கிறது.

முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். ஏன் தெரியுமா? எனக்கு வராத கணக்கு என்று ஒன்றை அதுவரை நான் பார்த்ததே கிடையாது. பார்த்ததும் அதோடு உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. பக்கத்து அறைப் பையன் பன்னிரண்டு வருடமும் தட்டுத்தடுமாறிப் படித்தவன், இரண்டு மணி நேரம் ஒரே கணக்கோடு உட்காருவான். பத்து நிமிடத்தில் எனக்கு வேர்த்துவிடும். நான் முட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். பள்ளியில் எனக்குக் கிடைக்காதது கஷ்டம்தான். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உதவித்தொகை இல்லாமல் இல்லை. என்.எம்.எம்.எஸ். இருக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வு, மாவட்டத்துக்கு நூறு பேர், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். அந்தத் தொகையை ஒருநாளும் கூட்டவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு 2023இல் வந்தது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை வருடம் பத்தாயிரம். மத்திய அரசு நடத்திய தேசியத் திறனாய்வு மட்டும் 2021க்குப் பிறகு நின்றுபோனது. இவை எல்லாம் பிள்ளையைக் கண்டுபிடிக்கும், மாலை போடும், பணம் தரும். மறுநாள் காலை அதே வகுப்பில் அதே பெஞ்சில் அதே பாடம்.

தங்கச்சிமடத்து அக்கா, செவ்வாய் இரவு 8.30

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மாதிரிப் பள்ளி பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது என்று வந்தேன்.

நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே நடத்துவது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, மாவட்டத்துக்கு ஒன்று என்று 38 மாவட்டத்துக்கும் வந்துவிட்டது, விடுதியோடு. என் மூத்த மகள் அதில்தான் படித்தாள். அவளுக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். இங்கே நாள் முழுக்கத் தேங்கிக் கிடந்தவள், அங்கே முதல் பரீட்சையில் பின்னால் தள்ளப்பட்டு போனில் அழுதாள். எனக்குப் பதறியது. இப்போது யோசித்தால், தொண்டிப் பையனுக்குக் கல்லூரியில் வந்த அழுகை அவளுக்குப் பதினான்கு வயதிலேயே வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இருக்கும் வயதில்.

ஆனால் அதே பட்டியலில் எதிர் வீட்டுப் பெண்ணின் பெயரும் இருந்தது. என் மகளைவிடச் சூட்டிகை. பெரிய பிள்ளையாகிவிட்டாள், விடுதிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவள் அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர், மரிக்கொழுந்துப் பாசி. விடியற்காலையில் போனால் வீட்டில் தம்பிகளுக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இவள்தான். இவளுக்கான ஏற்பாடு என்ன? நல்ல பள்ளி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது இவள் வரையில் இல்லாததற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. என் மகள் போனதும் அவள் பழைய வகுப்பு காலியானது மாதிரி ஆகிவிட்டதாம். "சந்தேகம் கேட்கக்கூட ஆள் இல்லை, கேள்வி கேட்கவும் ஆள் இல்லை" என்று அவள் சிநேகிதி சொன்னாள். வகுப்பில் கேள்வி கேட்கும் ஒரே பிள்ளையை எடுத்துவிட்டால் சாரும் கேள்விக்குத் தயாராகி வர வேண்டியதில்லை.

வாலிநோக்கம் கரை, செவ்வாய் இரவு 11.20

பரீட்சையில் தெரிகிற கெட்டிக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அண்ணன் மகன் ஒன்பதோடு நின்றவன். பதினேழு வயது. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, இப்போது விட்ட வலை இரண்டு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வான். நாற்பது வருடக் கடல்காரர்கள் அவனைக் கேட்டு வலை விடுகிறார்கள். பள்ளியில் அவன் பெயர் மெல்லக் கற்போர் பட்டியலில். அவனிடம் இருப்பது மீத்திறன் இல்லையா? அதை எந்தத் தாளில் கேட்கிறார்கள்?

தங்கச்சிமடத்து அக்கா, புதன் காலை 5.55

கரை அண்ணே, அவன் கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்படிப் பெருமை பேசிப் பேசித்தான் நம் பிள்ளைகளைக் கடலுக்கு இறக்கிவிடுகிறோம். நீவாடு தெரிந்த பிள்ளைக்கு மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் யாராவது காட்டினார்களா? 1947இலிருந்து இருக்கும் நிறுவனம். அதன் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது பஸ் ஸ்டாப் பெயர்.

வாலிநோக்கம் கரை, புதன் காலை 6.30

காட்டவில்லை தங்கச்சி. நானும் காட்டவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு, புதன் இரவு 9.00

கரை அண்ணன் கேட்டது என்னைச் சுட்டது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே கோளாறு இருக்கிறது. 1921இல் டெர்மன் என்ற உளவியல் அறிஞர் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை வைத்து, அதிமேதாவிகள் என்று 1,500க்கு மேற்பட்டவர்களைப் பொறுக்கியெடுத்தார். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள், ஆனால் நோபல் ஒருவருக்கும் இல்லை. சோதனையில் தேறாமல் விடுபட்ட பிள்ளைகளில் இரண்டு பேர் பிற்பாடு இயற்பியல் நோபல் வாங்கினார்கள், ஷாக்லி 1956இல், ஆல்வரெஸ் 1968இல். ராமேஸ்வரத்தில் பத்து வயதில் ஒரு தேர்வு வைத்திருந்தால் கலாம் தேறியிருப்பாரா என்று எனக்கு நிச்சயமில்லை. சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கு முதல் மாணவனை மட்டும் கூட்டிப் போகவில்லை, வகுப்பையே கூட்டிப் போனார்.

அதனால் எனக்குத் தேர்ந்தெடுத்துப் பிரிப்பதைவிடப் பெரிய கணக்குகளை வகுப்பில் போட்டுவைப்பதில்தான் நம்பிக்கை. போன வருடம் வாரம் ஒருநாள் போர்டின் ஓரத்தில் பாடத்தில் இல்லாத கணக்கு ஒன்றை எழுதி வைத்தேன். மதிப்பெண் இல்லை, கட்டாயம் இல்லை, ஒரு வாரம் அழிக்க மாட்டேன். முதல் பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு பேர் முட்டினார்கள், எதிர்பார்த்தேன். 28 வாங்கும் ஒருவனும் முட்டினான், எதிர்பார்க்கவில்லை. நவம்பரில் ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்ததும் நானே அந்த ஓரத்தை அழித்து மினிமம் மெட்டீரியல் எழுதிவிட்டேன். இடம் போதவில்லை.

வலைக்கடை மாமா, மருமகள் என்ன சொன்னாள்?

வலைக்கடை மாமா, வியாழன் இரவு 8.45

சார், மன்னிக்கவும், இரண்டு நாளாகக் கடல் கொஞ்சம் அமைதி, கடையில் ஆள்.

முதலில் பள்ளி விஷயம். டீச்சரை மறுபடி பார்த்தேன், உச்சிப்புளி டீச்சர் எழுதியதைப் போனில் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் அட்டையை வேறு பிள்ளையிடம் கொடுக்கிறேன், நூலக அலமாரிச் சாவியை இவளிடம் தருகிறேன் என்றார். இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும் என்றார். எனக்கு அது பெரிதாகத்தான் பட்டது.

ஏர்வாடி வாப்பா, உங்கள் பையன் ஒருநாள் பாம்பன் வந்தால் கடைக்குக் கூட்டி வாருங்கள், வலைக்கடைப் போர்டு பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

இனிக் கணக்கு. ஏழால் வகுத்துக்கொண்டே போனாள். 1, 4, 2, 8, 5, 7 வந்து மறுபடி 1, 4, 2 என்று ஆரம்பித்ததும் "மாமா, சுத்துது" என்று கத்தினாள். அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீதி ஒன்று முதல் ஆறு வரைதான் வர முடியும், அதனால் திரும்பி வந்தே ஆகணும்" என்றாள். எனக்கு அதை அவள் இரண்டுமுறை விளக்க வேண்டியிருந்தது.

அதோடு விடவில்லை. வள்ளத்துப் பங்கு ஞாபகத்தில் பதின்மூன்றை எடுத்துக்கொண்டாள். நேற்று ராத்திரி பவர் கட்டில் டார்ச் வெளிச்சத்தில் போட்டாள். இப்போது அழாத குறை. அவள் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "ஏழுக்கு ஆறு மீதியும் வந்துச்சு. பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு மீதி வரணும்தானே? ஆறிலேயே திரும்பிடுச்சு. ரெண்டு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, பதினொன்னு வரவே இல்லை. அதெல்லாம் எங்க போச்சு?"

பதில் தெரிந்தால் சொல்லுங்கள் சார், தூங்க மாட்டேன் என்கிறாள்.

பத்தாம் வகுப்புக் கணக்கு, வியாழன் இரவு 8.52

பதிலைச் சொல்லிவிடாதீர்கள், யாரும் சொல்லாதீர்கள். 1க்குப் பதில் 2இல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.